தீயணைப்பு வண்டி செல்லும் வழி: சிங்கப்பூர்க் கூட்டுக் குடியிருப்புகளின் வரலாற்றில் திறந்த நிலத்தின் உரிமை

ஆய்வுச் சுருக்கம்

பலர் நெருங்கி வாழும் குடியிருப்பில் தீயணைப்பு வண்டி நுழைவதற்குரிய வழி, பெரும்பாலும் ஒரு பொறியியல் அளவையாகவே கருதப்படுகிறது. அவ்வழிக்கான நிலம் யாருடையது, அதனைத் திறந்து வைக்க யார் விலை கொடுத்தனர் என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. 1961 மே 25 அன்று சிங்கப்பூரில் நிகழ்ந்த புக்கிட் ஹோ சுவீ தீவிபத்தை மையமாகக் கொண்டு, அதற்கு முன்னும் பின்னுமான நிகழ்வுகளின் வழியே இக்கட்டுரை அவ்வினாக்களை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிங்கப்பூர், புக்கிட் ஹோ சுவீ, கம்பம், பின்சந்து, நிலக் கையகப்படுத்தம், தீயணைப்பு வழி

முன்னுரை

தீயை அணைக்க நீரும் ஆளும் கருவியும் வேண்டும் என்பது எவரும் அறிந்தது. இம்மூன்றும் தீப்பற்றிய இடத்தைச் சென்றடைய ஒரு வழி வேண்டும் என்பதோ தீப்பற்றிய பின்னரே நினைவுக்கு வருகிறது. தனித்தனி வீடுகளில் வாழ்வோர்க்கு இது பெருஞ்சிக்கல் அன்று. ஒரே முற்றத்தையும் ஒரே சந்தையும் ஒரே தாழ்வாரத்தையும் பல குடும்பங்கள் பகிர்ந்து வாழும் இடத்தில்தான் இது சிக்கலாகிறது. அங்கே திறந்து கிடக்கும் ஒவ்வோர் அடி நிலமும் யாரோ ஒருவர்க்குச் சமையலறையாகவோ கடைவிரிக்கும் இடமாகவோ துணி உலர்த்தும் கொடியாகவோ பயன்படக்கூடியது. வண்டி வருவது பத்தாண்டுக்கு ஒருமுறை. இடத்தின் தேவையோ நாள்தோறும். எனவே திறந்த வழியை ஒருமுறை அமைத்துவிட்டால் போதாது, இடைவிடாமல் காத்துவர வேண்டியிருக்கிறது. காக்கத் தவறிய இடங்களில் அது சில ஆண்டுகளில் அடைபட்டுவிடுகிறது.

சிங்கப்பூரின் தீவிபத்து வரலாற்றைப் பேசும் நூல்களுள் லோ கா செங் 2013ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட புக்கிட் ஹோ சுவீ பற்றிய நூல் முதன்மையானது. கம்பத்து மக்களை நவீன அரசின் குடிமக்களாக மாற்றிய நிகழ்வாக அவர் அத்தீயை விளக்குகிறார். நகரின் பொது இடங்கள் குறித்துக் குடியேற்ற அரசுக்கும் மக்களுக்கும் இடையே நடந்த இழுபறியைப் பிரெண்டா யோ தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இவ்விரு ஆய்வுகளும் தனித்தனியே நடந்தவை. இவற்றை இணைத்துப் பார்த்தால், 1822இல் தொடங்கி இன்றுவரை நீளும் ஒரே வழக்கு தெரிகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. அவ்வழக்கு, திறந்த வழிக்கான நிலம் யாருக்கு உரியது என்பதே.

ஐந்தடிப் பாதையும் 1888ஆம் ஆண்டும்

ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் 1822இல் நகர அமைப்புக் குழுவுக்கு விடுத்த அறிவுறுத்தல்களில் இரண்டு செய்திகள் நம் பொருளோடு தொடர்புடையவை. செங்கல்லும் ஓடும் கொண்டு வீடுகளைக் கட்ட வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் எந்நேரமும் திறந்திருக்கும் தாழ்வாரம் ஒன்று, தெருவின் இருபுறமும் தொடர்ச்சியான நடைவழியாக அமைய வேண்டும் என்பது மற்றொன்று. இத்தாழ்வாரமே பின்னாளில் ஐந்தடிப் பாதை எனப்பட்டது. மழை, வெயிலிலிருந்து காக்கும் நடைபாதை என்றே இதனைப் பொதுவாக விளக்குவர். ஆயினும் தனியார் நிலத்தின் மீது பொதுமக்களின் நடமாட்ட உரிமையைச் சுமத்திய முதல் விதி இது என்பதையும் கருத வேண்டும். நிலம் வீட்டுக்காரருடையது; வழி ஊராருடையது. இந்த இரட்டை உரிமையிலேயே பிற்காலச் சச்சரவுகள் அனைத்தும் கருக்கொண்டன.

விதி இருந்தும் நகரம் எரிந்தது. 1830இல் வணிகப் பகுதியில் பற்றிய பெருந்தீயின்போது தீயணைப்பு இயந்திரம் என ஒன்றும் நகரில் இருக்கவில்லை. அதன்பின் நெடுங்காலம் காவலரும் படைவீரரும் கப்பல் மாலுமிகளும் தண்டனைக் கைதிகளுமே தீயணைக்க அழைக்கப்பட்டனர். இக்கைதிகள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டோர்; அவர்களுள் சென்னை மாகாணத்தாரும் இருந்தனர். சிராங்கூன் சாலை அருகிலிருந்த அரசுச் சூளைகளில் செங்கல் சுட்டவர்களும் அவர்களே. தீப்பற்றாத நகரத்துக்குக் கல்லும், பற்றிய தீயை அணைக்கக் கையும் தந்த இம்மனிதர்களைப் பற்றித் தமிழில் தனி ஆய்வு தேவை. இங்கு அதற்கு இடமில்லை.

1888ஆம் ஆண்டு இருவகையில் குறிப்பிடத்தக்கது. சிங்கப்பூர்த் தீயணைப்புப் படை முறையாக அமைக்கப்பட்டது அவ்வாண்டில்தான். ஐந்தடிப் பாதைகளை அடைத்திருந்த கடைப்பொருள்களை அகற்ற நகராட்சி முற்பட்டபோது கடையடைப்பும் கலகமும் மூண்டதும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான். தாழ்வாரக் கலகம் என வரலாற்றில் அது பதிவாகியுள்ளது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் வாதிடவில்லை. ஆனால் வண்டியை வாங்கிய ஆண்டிலேயே வழியை மீட்க முடியாமல் நகராட்சி பின்வாங்கியது என்பது எண்ணத்தக்கது. கருவிக்குப் பணம் ஒதுக்குவது எளிது. ஒரு வணிகனின் கடைமுன் கிடக்கும் இரண்டு மூட்டைகளை நகர்த்துவது அத்துணை எளிதன்று.

பின்சந்துகள்

நகரின் கடைவீடுகள் முன்புறம் குறுகியும் பின்னோக்கி நீண்டும், முதுகோடு முதுகு ஒட்டியும் கட்டப்பட்டவை. அறைகள் மரத்தடுப்புகளால் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரே வீட்டில் பல குடும்பங்களும் கூலியாட்களும் வாழ்ந்தனர். இன்று நாம் கூட்டுக் குடியிருப்பு என்று சொல்வதன் பழைய வடிவம் இதுவே. தீப்பற்றினால் முன்வாயில் ஒன்றே வெளியேறும் வழி. பின்புறம் அடுத்த தெருவின் வீட்டுச் சுவர்.

1907இல் வெளிவந்த டபிள்யூ. ஜே. சிம்ப்சனின் நகரச் சுகாதார அறிக்கை, இவ்வீட்டு வரிசைகளுக்கு இடையே பின்சந்துகளை வெட்ட வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அவர் முதலில் கருதியது காற்றோட்டத்தையும் காசநோயையும் மலக்கழிவு அகற்றத்தையும்தான். ஆயினும் அதே சந்து தீ ஒரு வரிசையிலிருந்து மறுவரிசைக்குத் தாவாமல் தடுக்கும் இடைவெளியாகவும், பின்புறமிருந்து நீர் பாய்ச்சும் வழியாகவும் பயன்படும் என்பது வெளிப்படை. 1927இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் நிறுவப்பட்டபோது அதன் தொடக்ககாலப் பணிகளுள் பின்சந்து வெட்டுவதே பெரும்பங்கு வகித்தது.

ஒவ்வொரு சந்துக்கும் இருபுற வீடுகளின் பின்பகுதியை இடிக்க வேண்டியிருந்தது. அங்கேதான் சமையற்கட்டும் கிணறும் இருந்தன. உரிமையாளர்கள் இழப்பீடு கேட்டனர். வாடகைக்கு இருந்தோர் இடத்தை இழந்தனர். இடிப்பும் இழப்பீடும் சேர்ந்து பணியை மிக மெதுவாக்கின. வெட்டிய சந்துகளிலும் விரைவிலேயே அங்காடிக்காரரும் சாப்பாட்டுக் கடைகளும் குடிபுகுந்ததைப் பிரெண்டா யோவின் ஆய்வு காட்டுகிறது. முன்புறத் தாழ்வாரத்துக்கு நேர்ந்ததே பின்புறச் சந்துக்கும் நேர்ந்தது.

இதனின்று விலகிய ஒரு முயற்சி தியோங் பாருவில் நடந்தது. பழைய தெருவைக் கீறி வழி உண்டாக்காமல், வெறும் நிலத்தில் முதலில் சாலையையும் பின்னர் வீட்டையும் அமைக்கும் முறை அது. 1936 முதல் 1941 வரை அறநிறுவனம் கட்டிய அடுக்குமாடி வீடுகள் அகன்ற தெருக்களோடும் பின்புறச் சுழற்படிகளோடும் இன்றும் நிற்கின்றன. அச்சாலைகளுக்கு மறுபுறம், சில நிமிட நடையில், வேறோர் உலகம் இருந்தது. 1961இன் தீ புறப்பட்டது அங்கிருந்துதான்.

கம்பத்தின் உள்ளே

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிங்கப்பூரின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. நகர நடுவில் இடமற்றோர் அதன் விளிம்பில் கம்பங்களை அமைத்தனர். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் கம்பம் எனவும் அத்தாப்பு எனவும் வழங்கும் சொற்கள் தமிழ்நாட்டு வாசகர்க்குப் புதியனவாக இருக்கலாம். கம்பம் என்பது மலாய் மொழியில் சிற்றூர். அத்தாப்பு என்பது நீப்பாப் பனையோலையால் வேய்ந்த கூரை. நம் ஊர்க் கீற்றுக் கூரையின் உறவினம். தீக்கும் அவ்வாறே இரையாகும்.

இக்கம்பங்களை ஆவணங்கள் அனுமதியற்ற குடியிருப்புகள் என்றே குறிக்கும். அச்சொல் முழு உண்மையன்று. பலர் நிலத்துக்குத் தரைவாடகை செலுத்தியே வாழ்ந்தனர். நிலம் பெரும்பாலும் தனியாருடையது, வீடு குடியிருப்போருடையது, கட்டட அனுமதி மட்டுமே இல்லை. நிலவுடைமையாளர்க்கு வீடு கூடக் கூட வாடகை கூடும். வழிக்கென நிலம் விட அவருக்குக் காரணமில்லை, குடியிருப்போர்க்கு அதிகாரமில்லை, அரசோ இக்குடியிருப்பு இருப்பதையே ஏற்கவில்லை. சட்டத்தில் இல்லாத ஊருக்குச் சாலை போடுவது அதனை அங்கீகரிப்பதாகிவிடும். வழி இல்லாமற் போனதற்கு மக்களின் அறியாமையே காரணம் என்னும் அக்கால அலுவலர் கூற்றை, இம்மூவரின் நிலையையும் கருதினால் ஏற்க இயலவில்லை.

கம்பத்தின் உள்ளே மண்பாதைகளும் பலகை நடைகளும் இருந்தன. இருவர் எதிரெதிரே செல்லலாம், வண்டி செல்லாது. எனவே தீயணைப்பு வண்டி சாலை விளிம்பில் நிற்கும். வீரர்கள் குழாயை வீடுகளுக்கிடையே இழுத்துச் செல்வர். குழாய் நீள நீள நீரின் விசை குறையும். தெருவோர நீர்வாய்கள் சாலையில் மட்டுமே இருந்தன என்பதால் எல்லா வண்டிகளும் சில குழாய்களையே நம்பின. இக்குறையை அறிந்த மக்கள் 1950களில் தாமே தீயணைப்புத் தொண்டர் குழுக்களை அமைத்துக்கொண்டனர். இரவு ரோந்து, நீர்த்தொட்டி, வாளி ஆகியவை அவர்தம் கருவிகள். சிறுதீயை அவர்கள் பலமுறை அணைத்தனர். காற்று பலத்த நாளில் அவர்களால் இயலவில்லை. 1951இல் கம்போங் பூகிஸ், 1953இல் கேலாங், 1958இல் கம்போங் கூ சாய், 1959 பிப்ரவரியில் கம்போங் தியோங் பாரு எனப் பத்தாண்டுக்குள் தீ ஊர் ஊராகச் சென்றது.

1961 மே 25

அன்று வியாழக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. தீயணைப்பு வீரருள் பலர் விடுப்பில் இருந்தனர். பிற்பகலில் கம்போங் தியோங் பாருவில் பற்றிய தீயைக் காற்று புக்கிட் ஹோ சுவீ நோக்கித் தள்ளியது. எரியும் ஓலைத் துண்டுகள் கூரைக்குக் கூரை பறந்தன. மரக்கிடங்குகளும் எண்ணெய்ச் சேமிப்பிடங்களும் குடியிருப்போடு கலந்திருந்தன. அவை பற்றியதும் தீயின் வேகம் பன்மடங்காயிற்று. சாலைகளையும் அது தாண்டியது.

வண்டிகள் வந்தன. ஆனால் தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியேறும் குடும்பங்களும் வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டமும் சாலைகளை அடைத்தன. குழாய்களில் நீரழுத்தம் குறைந்தது. காவல்துறையும் பிரித்தானியப் படையினரும் உதவிக்கு வந்தனர். இரவில் தீ கட்டுக்குள் வந்தபோது ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்பு சாம்பலாகியிருந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர்.

உயிரிழந்தோர் நால்வர். இவ்வளவு பெரிய அழிவில் உயிரிழப்பு இவ்வளவு குறைந்தது எவ்வாறு என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. பகல் நேரம் என்பது ஒரு காரணம். வீடுகள் பெரும்பாலும் தரைமட்டத்தில் இருந்தன; வெளியேற மாடிப்படி இறங்க வேண்டியதில்லை என்பது மற்றொன்று. வண்டி நுழைய முடியாத அதே ஒற்றையடிப் பாதைகளை மக்கள் நாள்தோறும் நடந்து அறிந்திருந்தனர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வண்டி உள்ளே செல்லும் வழியும் மனிதர் வெளியே வரும் வழியும் ஒன்றல்ல. கம்பத்தில் முதலாவது இல்லை. இரண்டாவது ஏராளமாக இருந்தது. பின்னர் எழுந்த அடுக்குமாடிகளில் நிலை தலைகீழானது. தீப்பாதுகாப்பு பற்றிய எழுத்துகள் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது ஒரு குறை என்றே கருதுகிறேன்.

எரிந்த நிலத்தின் விலை

எரிந்த மனை வெற்று மனையாகிறது. குடியிருப்போர் உள்ள நிலத்தை விற்பது கடினம். அவர்களை வெளியேற்ற ஆண்டுகளும் பணமும் வேண்டும். தீ அதனை ஒரே பிற்பகலில் செய்துவிட்டது. வீடிழந்தவனின் துயரம் நிலவுடைமையாளரின் ஆதாயமாக மாறும் நிலை எழுந்தது. தீவிபத்தைத் தொடர்ந்து பிரதமர் லீ குவான் யூ நிலக் கையகப்படுத்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். எரிந்த நிலத்தை, அதில் குடியிருப்போர் இன்னும் இருப்பதாகவே கருதி, அக்குறைந்த விலைக்கு அரசு எடுத்துக்கொள்ள அது வழிசெய்தது. தீயால் எவரும் ஆதாயம் அடையக்கூடாது என்பதே அவர் சட்டமன்றத்தில் முன்வைத்த வாதம்.

சிங்கப்பூரின் திறந்த வழி வரலாற்றில் இத்திருத்தத்தையே திருப்புமுனையாகக் கொள்ள வேண்டும். கட்டடத் தொழில்நுட்பத்தை அன்று. 1907 முதல் பின்சந்துகளை முடக்கியது இழப்பீட்டுச் செலவே. ஒவ்வோர் அடிக்கும் பேரம் பேச வேண்டியிருந்தவரை நகரில் வழி பிறக்கவில்லை. 1961இன் திருத்தமும் 1966இன் நிலக் கையகப்படுத்தச் சட்டமும் பேரத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன. 1960இல் நாட்டின் நிலத்தில் 44 விழுக்காடு அரசிடம் இருந்தது. 1985இல் அது 76 விழுக்காடாயிற்று. இரு கட்டடங்களுக்கு இடையே எத்தனை அடி விடுவது என்பதை இனி ஒரே உரிமையாளர் தீர்மானிக்க முடிந்தது.

1960 பிப்ரவரியில் நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அப்போது ஓராண்டே நிறைந்த நிறுவனம். லிம் கிம் சான் அதன் தலைவர். அதற்கு முந்தைய அறநிறுவனம் 32 ஆண்டுகளில் ஏறத்தாழ 23,000 வீடுகளைக் கட்டியிருந்தது. கழகம் தன் முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலேயே 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. புக்கிட் ஹோ சுவீயின் சாம்பல் மேட்டில் அடுக்குமாடிகள் எழுந்தன. ஓரறை வீட்டின் மாத வாடகை 20 வெள்ளி. முன்பு அடுக்குமாடிக்குச் செல்ல மறுத்துவந்த கம்பத்து மக்கள், இப்போது வேறு வழியின்றி அங்கே குடியேறினர்.

இவ்வேகமே ஐயத்தையும் விளைவித்தது. அரசே தீ வைத்தது என்னும் பேச்சு அப்பகுதி முதியோரிடையே நெடுங்காலம் நிலவியதை லோ கா செங் வாய்மொழி வரலாறுகளின் வழியே பதிவு செய்துள்ளார். அதனை மெய்ப்பிக்கும் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆயினும் அப்பேச்சை வெறும் வதந்தி என ஒதுக்குவது வரலாற்றாய்வுக்கு அழகன்று. தம் நிலத்தில் வழி விடுமாறு எவரும் தம்மைக் கேட்கவில்லை. தீக்குப் பின் வழி தாமாகவே திறந்துகொண்டது. அம்மக்கள் பட்டறிந்தது இதுவே. அதிலிருந்து அவர்கள் அடைந்த முடிவு தவறாக இருக்கலாம்; பட்டறிவு தவறன்று.

தீ எஞ்சிய மரவீடுகளையும் விடவில்லை. 1968 நவம்பரில் புக்கிட் ஹோ சுவீயில் மீண்டும் பற்றிய தீயில் ஏறத்தாழ 3,000 பேர் வீடிழந்தனர். இதையொத்த வேறு நகரமும் உண்டு. 1953 கிறிஸ்துமஸ் நாளில் ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் குடிசைப்பகுதி எரிந்து 53,000 பேர் வீடிழந்ததே அங்கும் பொது வீடமைப்புக்குத் தோற்றுவாய். இந்தியாவில் 1956இன் நடுவணரசுக் குடிசைப்பகுதிச் சட்டம், ஒரு பகுதியைக் குடிசைப்பகுதி என அறிவிப்பதற்குரிய காரணங்களுள் தெருக்களின் குறுகலையும் சேர்த்திருந்தது. 1971இல் தமிழ்நாடு தனக்கெனச் சட்டமியற்றிக் குடிசை மாற்று வாரியத்தின் வழியே அடுக்குமாடிகளைக் கட்டத் தொடங்கியது. சென்னையின் கீற்றுக் குடிசைகளை எரித்த தீயும் சிங்கப்பூர் அத்தாப்பை எரித்த தீயும் ஒரே காலத்தவை. நிலத்தின் விலையை இரு அரசுகளும் எதிர்கொண்ட முறை வேறு. அவ்வேறுபாட்டை ஒப்பாய்வு செய்தல் வேண்டும்.

அடுக்குமாடிக் காலத்தின் வழி

காங்கிரீட்டில் கட்டிய வீடு ஒவ்வொன்றும் தீயை அடைத்துவைக்கும் ஒரு பெட்டி போன்றது. ஒரு வீட்டில் பற்றிய தீ பெரும்பாலும் அவ்வீட்டோடு நின்றுவிடும். கம்பத்தை அழித்த வகைத் தீ இதனால் மறைந்தது. ஆனால் பத்தாவது மாடியில் எரியும் தீக்கு ஏணி எட்ட வேண்டும். ஏணி வண்டி கட்டடத்தின் அருகே நிற்க வேண்டும். நிற்கும் தரை அதன் எடையைத் தாங்க வேண்டும். மேல்மாடிக்கு நீரை ஏற்றும் நிலைக்குழாயின் வாய்க்கு அருகே மற்றொரு வண்டி வர வேண்டும். எனவே வழியின் அகலம் மட்டுமல்லாது வளைவு, சரிவு, தாங்கும் வலிமை ஆகிய அனைத்தும் விதிக்குள் வந்தன. தீயணைப்பு வண்டி நின்று பணியாற்றும் பாதைக்கு 6 மீட்டர், அதனை வந்தடையும் சாலைக்கு 4 மீட்டர் என்பன சிங்கப்பூர்த் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பின் அளவுகள். 1972 நவம்பரில் ஒன்பது பேரைப் பலிகொண்ட ராபின்சன்ஸ் கடைத் தீவிபத்து, பெருங்கட்டடங்களின் தீப்பாதுகாப்பை அரசின் முதன்மைக் கவலையாக்கியது. 1993இல் தீப்பாதுகாப்புச் சட்டம் தனியே இயற்றப்பட்டது.

அளவுகள் சட்டமான காலத்திலேயே வழி மீண்டும் நெருங்கத் தொடங்கியது. கம்பத்தில் வீடு செய்ததை அடுக்குமாடிப் பேட்டையில் கார் செய்தது. திறந்த வெளிகள் வாகன நிறுத்துமிடங்களாயின. அவற்றின் வளைவுகளும் தடுப்புகளும் பெரிய வண்டியின் வேகத்தைக் குறைத்தன. 2000ஆம் ஆண்டில் குடிமைத் தற்காப்புப் படை ஒரு சிறிய தீயணைப்பு ஊர்தியை அறிமுகப்படுத்தியது. சிவப்புக் காண்டாமிருகம் எனப் பெயர்பெற்ற அவ்வூர்தி, பெரிய வண்டிக்குக் கடினமான இடுக்குகளிலும் விரைவாகச் செல்லக்கூடியது. முதுகில் சுமக்கும் நுரைக்கருவி கொண்ட வீரர்கள், சாலையோர நீர்வாயை எதிர்பாராமலே முதல் தாக்குதலைத் தொடங்கலாம். நூறாண்டு காலம் வண்டிக்கு ஏற்ப நிலத்தை அகலப்படுத்திய நகரம், இங்கு நிலத்துக்கு ஏற்ப வண்டியைச் சுருக்கியது. இதனைத் தோல்வி எனச் சொல்லமாட்டேன். தம்மால் நகர்த்த முடியாதது எது என்பதை அலுவலர் அறிந்துகொண்டதன் அடையாளமாகவே இது தோன்றுகிறது.

வண்டி நிற்கும் இடத்துக்கும் எரியும் கதவுக்கும் இடையே மற்றொரு வழி உண்டு. அது மாடித் தாழ்வாரம். ஐந்தடிப் பாதை மேலே ஏறிவிட்டது என்றே சொல்லலாம். பூந்தொட்டி, காலணி அடுக்கு, மிதிவண்டி, பழைய அலமாரி, விழாக்காலத்தில் வழிபாட்டுப் பொருள்கள் என அங்கு வாழ்க்கை வழிந்து கிடக்கிறது. தீயணைப்போர் கருவியோடு கடப்பதற்கு 1.2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது இன்றைய விதி. நகர மன்றங்கள் அறிவிப்பு ஒட்டுகின்றன. பொருள்கள் சில நாள் உள்ளே போய் மீண்டும் வெளியே வருகின்றன. 1888இன் வணிகர் செய்ததும் இதுவே. ஒரு வேறுபாடு உண்டு. அன்று தாழ்வாரம் தனியார் நிலம், அதன் மீது பொதுவழி. இன்று தாழ்வாரம் பொதுநிலம், அதன் மீது தனியார் பயன்பாடு. உரிமை இடம் மாறியும் பூந்தொட்டி இடம் மாறவில்லை.

2019 நவம்பரில் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி ஒன்றில் தீப்பற்றியபோது, தாழ்வாரத்திலிருந்த தீயணைப்புக் குழாய்ப் பெட்டிகள் பூட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. பூட்டை உடைத்துத் திறந்தபின்னும் குழாயில் நீர் வரவில்லை. வண்டி வரும் வழி திறந்தே இருந்தது. பெட்டிகளைப் பூட்டியதற்குச் சொல்லப்பட்ட காரணம், குழாயின் உதிரிப்பாகங்கள் திருடு போயின என்பது.